கையடக்க விளையாட்டுக் கணினியும் கொன்சோல் பற்றிய மனோபாவ மாற்றமும்: ஒரு சமூகவியல் நோக்கு

விளையாட்டைப் பற்றி எழுதுவது ஆய்வாளருக்கு உகந்த காரியமன்று என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. நாவலும் சினிமாவும் ஒரு காலத்தில் இதே புறக்கணிப்புக்கு ஆளாகியிருந்தவையே. இன்று வீடியோ விளையாட்டு உலகின் மிகப் பெரிய பண்பாட்டுக் கைத்தொழில்களுள் ஒன்றாகும். கோடிக்கணக்கான மக்களின் ஓய்வு நேரம் அதனூடாகக் கழிகிறது. அதனை ஆக்குவோர், விநியோகிப்போர், நுகர்வோர் ஆகிய மூன்று சாராரிடையேயும் நிலவும் உறவுகளை ஆராய்வது பண்பாட்டாய்வின் எல்லைக்குள் அடங்குவதே.

2022 பெப்ரவரியில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்க விளையாட்டுக் கணினியை விற்பனைக்கு விட்டது. அடுத்த ஆண்டில் ஆசூஸ், லெனோவோ ஆகிய நிறுவனங்களும் 2024 இல் எம்.எஸ்.ஐ. நிறுவனமும் அதே வகைக் கருவிகளைக் கொண்டுவந்தன. இவற்றின் வருகையோடு, தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடப்படும் கொன்சோல் பற்றி விளையாடுவோரிடையே நெடுங்காலம் நிலவிவந்த மனோபாவம் தளர்ந்துவிட்டது என்பது பரவலாகக் கூறப்படும் கருத்து. கருவி மாறியது, ஆகவே மனம் மாறியது என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974 இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில் இத்தகைய தொழில்நுட்ப நிர்ணயவாதத்தை மறுத்துரைத்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரு தொழில்நுட்பம் எந்தச் சமூகத் தேவைகளுக்கு, எவருடைய நலன்களுக்காக உருப்பெறுகிறது என்பதே அவர் எழுப்பிய வினா. அவ்வினாவையே கையடக்கக் கணினி தொடர்பாகவும் எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வேலியின் தோற்றம்

கொன்சோல் என்பது தொழில்நுட்ப அடிப்படையில் ஒரு கணினியே. பொதுக் கணினியிலிருந்து அதனை வேறுபடுத்துவது, அதில் எந்த மென்பொருள் இயங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதனை விலைகொடுத்து வாங்கியவரிடம் இல்லாது ஆக்கிய நிறுவனத்திடமே இருப்பதாகும். இவ்வேலி எவ்வாறு எழுந்தது என்பதை அறிதல் அவசியம்.

1977 இல் வெளிவந்த அட்டாரி கொன்சோலில் அத்தகைய தடை எதுவும் இருக்கவில்லை. 1979 இல் அந்நிறுவனத்தின் நிரலாளர் சிலர் வெளியேறி 'அக்டிவிசன்' நிறுவனத்தை அமைத்தனர். தாம் ஆக்கிய விளையாட்டுகளில் தம் பெயர் இடம்பெறாமையும், விற்பனைக்கேற்ற ஊதியம் கிடையாமையும் அவர்களது மனக்குறை. ஆக்கியோன் பெயர் கோரிய இம்முரண்பாட்டிலிருந்தே கொன்சோல் நிறுவனத்தைச் சாராத விளையாட்டு ஆக்கம் என்ற வகை பிறந்தது. அட்டாரி நீதிமன்றத்தை நாடியும் அதனைத் தடுத்துவிட இயலவில்லை. பின்னர் எண்ணற்ற நிறுவனங்கள் சந்தையில் இறங்கின. மிகை உற்பத்தியின் விளைவாக 1983 இல் வட அமெரிக்கச் சந்தை வீழ்ச்சியடைந்தது.

இவ்வீழ்ச்சியிலிருந்து யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ கற்றுக்கொண்ட பாடம் திட்டவட்டமானது. 1985 இல் அமெரிக்காவில் அறிமுகமான அதன் கொன்சோலில் ஒரு பூட்டுச் சில்லு பொருத்தப்பட்டிருந்தது. அதற்குரிய இணைச் சில்லு இல்லாத காட்ரிஜ் அதில் இயங்காது. உரிமம் பெற்ற வெளியீட்டாளர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது. காட்ரிஜ்களை நின்டெண்டோவிடமே செய்வித்துக்கொள்ள வேண்டும். அவ்விளையாட்டை ஈராண்டுகளுக்கு வேறு கொன்சோலுக்குக் கொடுக்கலாகாது. தரத்தைக் காப்பதற்கான ஏற்பாடு என்று இது நியாயப்படுத்தப்பட்டது. தரம் ஓரளவு காக்கப்பட்டதும் உண்மையே. ஆயின், உழைத்து ஆக்கியவருக்கும் விளையாடுபவருக்கும் இடையே ஓர் ஆயத்துறை நிலையாக நிறுவப்பட்டதே இதன் நீடித்த விளைவாகும்.

பின்வந்த சோனியும் மைக்ரோசொஃப்டும் இம்முறைமையை மேலும் விரிவாக்கின. கருவியை அடக்கவிலைக்குக் குறைவாக விற்று, விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு பங்கை அறவிடுவதே அவற்றின் பொருளாதாரம். தனது கொன்சோல் வன்பொருளின் விற்பனையால் மைக்ரோசொஃப்ட் ஒருபோதும் இலாபம் ஈட்டியதில்லை என அதன் அதிகாரி ஒருவர் 2021 இல், அப்பிள் நிறுவனத்தின் மீது எபிக் நிறுவனம் தொடுத்த வழக்கில் சாட்சியமளித்தார். மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் நிலவாடகை பற்றிக் கூறுவன இங்கு பொருந்தி வருகின்றன. நிலத்தை உடைமையாக வைத்திருத்தல் என்ற ஒரே காரணத்தால் பிறர் உழைப்பின் விளைவில் பங்கு பெறுபவன் நிலவுடைமையாளன். கொன்சோல் நிறுவனம் உடைமையாக வைத்திருக்கும் நிலம், நமது வீட்டுக்குள் நாமே பணம் கொடுத்து வைத்திருக்கும் ஒரு பெட்டியாகும்.

2. கொன்சோல் மனோபாவம்

மேற்கூறிய பொருளியல் அமைப்பின் மீது ஒரு மனோபாவம் கட்டியெழுப்பப்பட்டது. அதன் கூறுகளை நான்காக வகுக்கலாம். கொன்சோல் பொதுக் கணினியால் ஈடுசெய்ய முடியாத தனிச்சிறப்புடைய பொறி என்பது முதலாவது. அது மலிவானது, காலம் செல்லச் செல்ல மேலும் மலிவடைவது என்பது இரண்டாவது. பெட்டியைத் திறந்தால் தொல்லையின்றி விளையாடலாம் என்பது மூன்றாவது. சில விளையாட்டுகள் சில கொன்சோல்களுக்கே உரியவை என்பதும், ஆகவே ஒன்றைத் தெரிந்துகொள்ளுதல் ஓர் அணியைச் சேர்தல் போன்றது என்பதும் நான்காவது.

இவற்றுள் நான்காவது கூர்ந்து நோக்கத்தக்கது. இரு பெருநிறுவனங்களின் சந்தைப் போட்டியைத் தமது சொந்த மானப் பிரச்சினையாகக் கருதி இளைஞர்கள் பல்லாண்டுகளாக ஒருவரோடொருவர் வாதிட்டு வந்துள்ளனர். மனிதர்களுக்கிடையேயான உறவு பொருள்களுக்கிடையேயான உறவாகத் தோற்றம் தருவதையே மார்க்ஸ் பண்ட வழிபாடு என்றார். ஒரு விளையாட்டு ஒரு பெட்டியில் மட்டும் இயங்குவதற்குக் காரணம் ஓர் ஒப்பந்தம். விளையாடுபவருக்கோ அது அப்பெட்டியின் இயற்கைக் குணமாகத் தென்பட்டது.

3. அடித்தளத்தில் நிகழ்ந்த மாற்றம்

கையடக்கக் கணினி தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு தசாப்தத்துக்கு முன்னரே இம்மனோபாவத்தின் பௌதிக அடிப்படை கரையத் தொடங்கிவிட்டது. முன்னைய கொன்சோல்களிற் பெரும்பாலானவை தனித்தனியான சில்லு அமைப்புகளைக் கொண்டிருந்தன. 2013 இல் வெளிவந்த பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய இரண்டுமே சாதாரண மேசைக் கணினிகளின் கட்டமைப்பைச் சார்ந்த, ஏ.எம்.டி. நிறுவனம் வடிவமைத்த சில்லுகளை ஏற்றுக்கொண்டன. 2020 இல் வந்த அடுத்த தலைமுறையும் அதே வழியைப் பின்பற்றியது. ஸ்டீம் டெக்கின் சில்லும் அதே நிறுவனத்தின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது; ஆற்றலிற் குறைந்தது, அவ்வளவே. இவை யாவும் தாய்வானின் ரி.எஸ்.எம்.சி. ஆலைகளில் உருவாகுபவை. உற்பத்திச் சக்திகள் ஒன்றாகிவிட்டன. பிரித்துவைத்தவை உடைமையுறவுகள் மாத்திரமே.

இத்தகைய நிலையில் வேலியைக் காப்பது அதன் உடைமையாளருக்கே சுமையாயிற்று. பெரும் விளையாட்டு ஒன்றை ஆக்குவதற்கு நூறு மில்லியன் டொலருக்கு மேற்பட்ட முதலீடும் பல ஆண்டுகளும் தேவைப்படும் இன்றைய சூழலில், ஒரே கொன்சோலின் நுகர்வோரை மட்டும் நம்பியிருத்தல் முதலீட்டுக்குப் போதுமானதன்று. 2020 இல் சோனி தனது 'ஹொரைசன்' விளையாட்டைக் கணினிக்கும் கொடுத்தது. 2024 இல் 'ஹெல்டைவர்ஸ் 2' கொன்சோலுக்கும் கணினிக்கும் ஒரே நாளில் வெளியாயிற்று. 2001 முதல் எக்ஸ்பொக்ஸின் அடையாளமாகவே விளங்கிய 'ஹேலோ', சோனியின் கொன்சோலுக்கும் வரவுள்ளதென 2025 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கொன்சோல் போரின் கொடிகளைத் தளபதிகளே இறக்கிவிட்டனர்.

மலிவு என்ற நம்பிக்கையும் தகர்ந்தது. 2000 இல் அமெரிக்காவில் 299 டொலருக்கு விற்கப்பட்ட பிளேஸ்டேசன் 2, 2009 இல் 99 டொலராயிற்று. 2020 இல் 499 டொலராக இருந்த பிளேஸ்டேசன் 5, 2025 ஓகஸ்ட்டில் 549 டொலராக உயர்ந்தது. அதே விலையில் அறிமுகமான எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2025 இல் இருமுறை விலையேற்றப்பட்டு ஏறத்தாழ 650 டொலரை எட்டியது. ஒரு கருவி பழையதாகும்போது அதன் விலை கூடுவது கொன்சோல் வரலாற்றில் வழக்கமில்லாதது.

4. கையடக்கக் கணினி செய்தது என்ன?

கையடக்கக் கணினியின் வருகை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்படல் வேண்டும். முன்னரே கரைந்துபோயிருந்த ஒன்றை அது கண்ணுக்குப் புலப்படச் செய்தது.

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. சீனாவின் ஜி.பி.டி. நிறுவனம் 2016 இலேயே இவ்வகைக் கருவியொன்றை வெளியிட்டது. வால்வ் நிறுவனம் 2015 இல் 'ஸ்டீம் மெஷின்' என்ற பெயரில், லினக்ஸ் அடிப்படையிலான கணினிகளை வரவேற்பறைக்குக் கொண்டுவர முயன்று தோல்வி கண்டது. விளையாட்டுகளிற் பெரும்பாலானவை விண்டோஸுக்கென எழுதப்பட்டவை. லினக்ஸில் அவை இயங்கா என்பதே தோல்விக்கான தலையாய காரணம். 2018 இல் அந்நிறுவனம் வெளியிட்ட 'புரொட்டோன்' என்னும் மென்பொருள் இத்தடையை நீக்கியது. விண்டோஸ் விளையாட்டு விடுக்கும் கட்டளைகளை லினக்ஸ் விளங்கிக்கொள்ளுமாறு மாற்றிக்கொடுப்பது அதன் தொழில். புரொட்டோனின் அத்திவாரம் 1993 முதல் தன்னார்வலர் பலர் கூடி வளர்த்துவந்த 'வைன்' என்னும் திறந்த மூல மென்பொருளாகும். கால் நூற்றாண்டுக் காலக் கூட்டுழைப்பின் பேறு ஒரு தனியார் நிறுவனத்தின் பண்டத்துக்கு உயிர் கொடுத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அந்நிறுவனம் தன் பங்குக்கு அம்மென்பொருளின் வளர்ச்சிக்குப் பணம் செலவிட்டு, விளைவைத் திறந்த மூலமாகவே வைத்துள்ளது என்பதையும் நேர்மையுடன் குறிப்பிடல் வேண்டும்.

ஏறக்குறைய 670 கிராம் எடையும் ஏழு அங்குலத் திரையும் கொண்ட அக்கருவி, கொன்சோல் மனோபாவத்தின் மூன்றாவது கூறாகிய 'தொல்லையின்மை'யைக் கணினிக்குள் கொண்டுவந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் விளையாட்டு உறங்கும். மீண்டும் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எந்த விளையாட்டு இக்கருவியில் நன்கு இயங்கும் என்பதை நிறுவனமே சோதித்துத் தரப்படுத்தியது. அதே வேளையில் கருவியின் உரிமையாளர் விரும்பின் அதில் வேறு பணிசெயல் முறைமையை நிறுவலாம். வேறு கடைகளில் வாங்கிய விளையாட்டுகளை இயக்கலாம். கருவியின் வெளியுறைக்கான வரைபடங்கள் 2022 இல் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. உதிரிப் பாகங்கள் விற்பனைக்கு விடப்பட்டன. எளிமைக்கு விலை அடைபட்டிருத்தல் என்று நாற்பதாண்டுகள் கூறப்பட்டுவந்த நியாயம் இவ்வாறு பொய்யாயிற்று. எளிமையும் திறந்த தன்மையும் ஒரே கருவியில் கூடிவாழ முடியும் என்பதைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குக் கொன்சோலின் பூட்டு இயற்கையானதாகத் தோன்றாது போயிற்று. மனோபாவ மாற்றம் எனப்படுவதன் சாரம் இதுவே.

5. ஓய்வு நேரமும் வீடும்

மாற்றத்துக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. தொலைக்காட்சியுடன் இணைந்த கொன்சோல், வரவேற்பறையையும் தொடர்ச்சியான சில மணி நேரத்தையும் வேண்டிநிற்பது. அவ்விரண்டையும் உடையவர் யார் என்ற வினா வர்க்கம் சார்ந்தது. 1980களில் கொன்சோலோடு வளர்ந்த தலைமுறையினர் இன்று உழைப்பாளராகவும் பெற்றோராகவும் உள்ளனர். வேலை நேரம் தொலைபேசியூடாக வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்ட காலத்தில், அவர்களது ஓய்வு துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. பயணத்தில் அரைமணி, பிள்ளைகள் உறங்கிய பின் ஒரு மணி எனக் கிடைக்கும் அத்துண்டுகளுக்குப் பொருத்தமான கருவி இது. 2017 இல் வெளிவந்து 15 கோடிக்கு மேல் விற்பனையான நின்டெண்டோ ஸ்விட்ச் இத்தேவையை முதலில் இனங்கண்டது. உறங்கவைக்கும் அப்பொத்தான் இடையறுந்த வாழ்க்கைக்கான ஓர் ஏற்பாடாகும்.

வில்லியம்ஸ் மேற்குறித்த நூலில் 'நகர்வுறு தனிமயமாக்கம்' என்ற கருத்தை முன்வைத்தார். கைத்தொழிற் சமூகத்தில் மக்கள் மேன்மேலும் இடம்பெயர்கின்றனர். அதே வேளை மேன்மேலும் தத்தம் வீட்டுக்குள் ஒடுங்குகின்றனர். இவ்விரு போக்குகளையும் இணைத்துநிற்கும் சாதனமே ஒலிபரப்பு என்பது அவர் கருத்து. கையடக்கக் கணினி இதனை மேலும் ஒரு படி கொண்டுசெல்கிறது. வீட்டின் பொது அறையிலிருந்து விளையாட்டு தனி மனிதரின் கைக்குள் ஒடுங்குகிறது. ஒரே திரையின் முன் சகோதரரும் அயலவரும் கூடியிருந்து விளையாடிய வழக்கம் இதனால் மேலும் நலிவடையும். இதனை வளர்ச்சி என்று மட்டும் கொண்டாட இயலாது.

6. ஓர் இலக்கிய ஒப்புமை

இலக்கிய மாணவருக்கு இவ்வரலாறு முற்றிலும் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாவல் மூன்று தொகுதிகளாக, முப்பத்தொன்றரைச் சிலின் விலையில் வெளியாயிற்று. அவ்விலை கொடுத்து வாங்குவோர் சிலரே. 1842 இல் நூல்களை வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கிய மூடியின் நூலகம், ஆண்டுச் சந்தா ஒரு கினி பெற்று நாவல்களை இரவல் கொடுத்தது. எந்த நாவல் வாழும், எது வீழும் என்பதை அந்நூலகத்தின் கொள்வனவே பெரிதும் தீர்மானித்தது. 1848 முதல் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் புகையிரத நிலையங்களில் புத்தகக் கடைகளைத் திறந்தது. பயணத்திற் கொண்டுசெல்லத்தக்க மலிவுப் பதிப்புகள் பெருகின. வாசிப்பு வரவேற்பறையிலிருந்து புகையிரதப் பெட்டிக்குப் பெயர்ந்தது.

ஆயினும் மூன்று தொகுதி நாவல் உடனே மறைந்துவிடவில்லை. 1894 இல், அதனை வாங்கி இரவல் கொடுப்பது இலாபகரமானதன்று என நூலகங்களே கருதியபோதுதான் அது வீழ்ந்தது. அதே ஆண்டில் ஜோர்ஜ் மூரின் 'எஸ்தர் வோட்டர்ஸ்' நாவலை விநியோகிக்க மறுத்த நிறுவனமும் ஸ்மித் நிறுவனமே என்பது கவனத்துக்குரியது. மக்களுக்கு மலிவாகவும் கையடக்கமாகவும் நூல் கொடுத்த அதே கரம், எந்நூல் கிடைக்கலாகாது என்பதையும் தீர்மானித்தது. வடிவம் கையடக்கமாதலும் விநியோகம் சனநாயகமயமாதலும் வெவ்வேறானவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

7. புதிய ஆயத்துறை

இவ்வொப்புமை நம்மை முக்கியமான வினாவுக்கு இட்டுச்செல்கிறது. கொன்சோலின் வேலியைத் தாண்டியவர் எங்கே சென்று சேர்ந்துள்ளார்?

ஸ்டீம் டெக்கின் அறிமுக விலை 399 டொலர். இவ்விலையை எட்டுவது வேதனைக்குரியதாக இருந்ததென வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2021 இல் கூறினார். 2023 இல் ஆசூஸ் தனது கருவியை அறிமுகப்படுத்தியபோது அதன் விலை 699 டொலர். இவ்வேறுபாட்டின் இரகசியம் பொறியியலில் மட்டும் இல்லை. ஆசூஸிடம் விளையாட்டுக் கடை கிடையாது. அதன் இலாபம் கருவியிலிருந்தே வரவேண்டும். வால்வ், 2003 இல் தொடங்கிய ஸ்டீம் என்னும் இணையக் கடையின் உடைமையாளர். அங்கு விற்கப்படும் விளையாட்டுகளின் வருமானத்தில் பொதுவாக 30 சதவீதம் அதற்குரியது. விற்பனை 10 மில்லியன் டொலரைத் தாண்டினால் 25 சதவீதமும் 50 மில்லியனைத் தாண்டினால் 20 சதவீதமும் என 2018 இல் சலுகை வழங்கப்பட்டது. சலுகை பெரும் வெளியீட்டாளருக்கே; சிறு ஆக்குநர் முழு ஆயத்தையும் செலுத்துகிறார். எனவே பூட்டு இல்லாத இக்கருவியும் கொன்சோலின் பழைய பொருளாதாரத்தையே தழுவியுள்ளது. கருவியில் விட்டதைக் கடையில் பிடிப்பது அதன் நெறி. ஸ்டீமின் ஆதிக்கத்தை எதிர்த்து ஆக்குநர் சிலர் 2021 இல் தொடுத்த வழக்கு, 2024 இல் பாதிக்கப்பட்டோர் அனைவருக்குமான கூட்டு வழக்காக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

உடைமை பற்றிய மயக்கமும் நீடிக்கிறது. எண்ணிமக் கடைகளில் வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை விற்பனையாளர் தெளிவாக அறிவிக்க வேண்டுமென கலிபோர்னியா மாநிலம் 2024 இல் சட்டம் இயற்றியது. அதனைத் தொடர்ந்து ஸ்டீமும் அவ்வறிவிப்பை வெளியிட்டது. 2025 யூலையில், கொடுப்பனவு நிறுவனங்களின் விதிகளுக்கு அமைவாக, வயது வந்தோருக்கான விளையாட்டுகள் பல ஸ்டீமிலிருந்து நீக்கப்பட்டன. அவ்விளையாட்டுகளின் தரம் வேறு விடயம். எவராலும் தெரிவுசெய்யப்படாத நிதி நிறுவனங்கள் பண்பாட்டுப் பண்டங்களின் இருப்பைத் தீர்மானிக்கலாம் என்பதே இங்கு கவனத்துக்குரியது. மூடியும் ஸ்மித்தும் புதிய உருவில் திரும்பி வந்துள்ளனர்.

மனோபாவ மாற்றத்தின் பரப்பையும் மிகைப்படுத்தலாகாது. ஸ்டீம் டெக் பல மில்லியன் விற்பனையானதாக வால்வ் 2023 இல் கூறியது. ஸ்விட்சின் பதினைந்து கோடிக்கு அருகில் அது சிறு தொகையே. வட அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா, கிழக்காசியாவின் சில நாடுகள் ஆகியவற்றுக்கு அப்பால் அந்நிறுவனம் இக்கருவியை நேரடியாக விற்பதில்லை. தென்னாசியா முழுவதும் அவ்வெல்லைக்கு வெளியே உள்ளது. நின்டெண்டோ தனது விளையாட்டுகளைக் கணினிக்குக் கொடுப்பதில்லை. தனது கொன்சோலைக் கணினியில் போலச்செய்யும் 'யூசு' மென்பொருளின் ஆக்குநர்மீது 2024 இல் அது தொடுத்த வழக்கு, 2.4 மில்லியன் டொலர் கொடுத்து அம்மென்பொருளை நிறுத்திவிடும் உடன்பாட்டில் முடிந்தது. வேலி தளர்ந்த இடமும் உண்டு. இறுகிய இடமும் உண்டு.

8. முடிவாக

இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படுவது ஒன்று. கையடக்கக் கணினி, கொன்சோல் பற்றிய ஒரு கருத்துநிலையின் திரையை விலக்கியது. அக்கருத்துநிலையைத் தோற்றுவித்த உடைமையுறவை அது மாற்றவில்லை. 'கொன்சோலா, கணினியா' என்ற பழைய விவாதம் 'எவருடைய கடை' என்ற விவாதமாக உருமாறியுள்ளது. இது முன்னேற்றமே. பெட்டியின் குணமாகத் தோன்றியது நிறுவனத்தின் நலன் என்பதை விளையாடுவோர் பலர் உணர்ந்துகொண்டனர். அவ்வுணர்வு அடுத்த வினாவுக்கு வழிதிறக்கும்.

அவ்வினா பண்பாட்டு நினைவு பற்றியது. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதமானவை இன்று விற்பனையில் இல்லை என, வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் 2023 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தனது முன்னைய இரு கருவிகளின் இணையக் கடைகளை மூடியது. அங்கு மட்டுமே கிடைத்த விளையாட்டுகளைப் புதிதாக வாங்கும் வழி அற்றுப்போயிற்று. ஓர் ஓலைச்சுவடி செல்லரித்துப் போவதைத் தடுக்கப் பாடுபட்டவர்களின் வழிவந்த நமக்கு, இலாபம் வற்றியதும் ஒரு பண்பாட்டுப் படைப்பு மூடப்படும் கதவுக்குப் பின்னால் மறைந்துபோவதன் பொருள் விளங்காதிருக்க முடியாது. திறந்த கருவி ஒன்று மக்கள் கையில் இருத்தல், அப்படைப்புகளைக் காப்பதற்கு வேண்டிய நிபந்தனைகளுள் ஒன்று. நூலகங்கள் நூல்களைப் பேணுவதுபோல் விளையாட்டுகளைப் பேணவும் இரவல் கொடுக்கவும் பொது நிறுவனங்களுக்குச் சட்ட உரிமை கிடைத்தல் மற்றொன்று. முதலாவதைச் சந்தை தன் தேவைக்காக ஓரளவு தந்துள்ளது. இரண்டாவதைச் சந்தை தராது. அது கோரிப் பெறப்பட வேண்டியது.